மாலை போட்ட கம்ப்யூட்டர்

கலையரசனுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, நன்றாகவே எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? திருவண்ணாமலைக்கு வெளியே வேட்டவலம் சாலையில் இருந்த அந்தத் தனியார் பால் பண்ணையில் அவன்தான் எலக்ட்ரீஷியன். பால் காய்ச்சும் மெஷினின் திரை அணைந்துபோனால் 'கலையைக் கூப்பிடு' என்பதுதான் அங்கே வழக்கம். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவான். பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து, தூசியை ஊதி, உள்ளே குடும்பம் நடத்தும் கரப்பான்களை விரட்டி, திரையில் படம் வந்த பிறகுதான் மூச்சு விடுவான். மெஷினை ஓட்டும் வள்ளி, "நீ இல்லனா இந்த பிளான்ட்டே நாறிடும்ணா" என்பாள். சம்பளம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவன் வேலைக்கு வந்ததே அந்த ஒரு பேச்சைக் கேட்கத்தான்.

அதற்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தாள் நூரைன். வெளியூர்க்காரி என்றாலாவது திட்டித் தீர்க்கலாம். தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மதார் சாகிப்பின் மகள், இன்ஜினியரிங் படிப்பு முடித்தவள். மானேஜர் ராஜமாணிக்கம் கூட்டிவந்து வேலையில் வைத்தார். அவள் செய்த முதல் காரியம், மெஷின் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரின் வேலையை எல்லாம் ஆபீஸ் அறையில் சர்வர் என்ற ஒரு பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றியது. மெஷின் பக்கத்தில் திரை மட்டும் நின்றது. திரைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. தின் கிளையன்ட் என்று அதற்குப் பெயராம். டப்பா என்றே எல்லோரும் சொன்னார்கள்.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லைங்க, படம் காட்றதோட சரி" என்று விளக்கினாள் அவள். "கெட்டுப்போனா கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுங்க, விட்ட இடத்துலயே வந்து நிக்கும். விலையும் கம்மி. யார் வேணா மாட்டலாம்."

யார் வேணா மாட்டலாம்! அந்த வார்த்தை அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தைத்ததோடு போயிற்றா? ஒரு நாள் டப்பா நின்றுபோனபோது வள்ளியே வேறு டப்பாவை எடுத்து மாட்டிவிட்டாள். அவன் ஓடி வருவதற்குள் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவனைக் கூப்பிடவே தேவையில்லாமல் போயிற்று என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு விளையாட்டு. இவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மானேஜரும் சேர்ந்து குட்டையைக் குழப்பினார். வரும் பௌர்ணமி தொல்லை இல்லாமல் தாண்டிவிட்டால் எல்லா மெஷினுக்கும் டப்பாவே போட்டுவிடலாம், மெஷினை ஒட்டியிருந்த கண்ட்ரோல் ரூமின் சாவியும் நூரைனிடமே இருக்கட்டும் என்றார். அந்தச் சாவி வருடக்கணக்கில் கலையரசனின் இடுப்பில் தொங்குவது. அவன் தலையாட்டினான். உள்ளே புகைந்தது.

பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. மோட்டார், கம்ப்ரசர், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் வரை சந்தனமும் குங்குமமும் வைத்தான். வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டுக் கண்ட்ரோல் ரூம் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்குத் தன் காசில் வாங்கிய சாமந்தி மாலையைப் போட்டான். டப்பாவுக்கு ஒரு துளி குங்குமம் கிடையாது. அதைப் பார்த்த நூரைன், அதற்கு மட்டும் ஏன் பொட்டு இல்லை என்று கேட்டாள்.

"அது இன்னும் வேலைக்கே சேரலமா, டிரைனிங்ல இருக்குது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, பூஜை போட்ட பொருளைப் பௌர்ணமி கழியும்வரை தொடக்கூடாது என்று ஒரு போடு போட்டான். அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் இல்லை. அவளுக்கு அது தெரியாது, மரியாதையாகச் சரி என்றுவிட்டாள். மானேஜருக்குத் தெரியும். ஆனாலும் மாலை போட்ட பொருளில் கை வைக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. மாலைக்குப் பின்னால் அதன் ஒயர்கள் எல்லாம் மெஷினோடு மாட்டியபடியே இருந்ததும், அது ஓடிக்கொண்டே இருந்ததும் கலையரசனுக்கு மட்டும் தெரியும். டப்பா கவிழட்டும், திரையை இதில் மாட்டி ஒரே நிமிஷத்தில் பிளான்ட்டைத் தூக்கி நிறுத்துகிறேன் பார் என்று காத்திருந்தான்.

பௌர்ணமி வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து செங்கம் ரோடு வரை கிரிவலப் பாதையின் டீக்கடைகள் எல்லாம் காலையிலிருந்தே பால் கேட்டு போன் போட்டன. தூரத்து ஊர்களிலிருந்தும் பால் வந்து சேர்ந்ததால், அது கெடாமலிருக்கக் காய்ச்சும் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார் மானேஜர். நூரைன் திரையில் சூட்டு எண்ணைக் கூட்டி வைத்தாள். சிறிது நேரத்தில் அந்த எண் தானாகவே பழைய அளவுக்கு இறங்கியது. சூடு போதாவிட்டால் பால் பாக்கெட் பக்கம் போகாது, வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். அவள் மறுபடி ஏற்றினாள். அது மறுபடி இறங்கியது. தான் தொடவே இல்லை என்று வள்ளி சத்தியம் செய்தாள். வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"கலையைக் கூப்பிடு" என்று சத்தம் கேட்டது.

அப்பாடா, என்ன சுகம்! வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனான். மானேஜர் அத்தனை பேர் முன்னால் நூரைனைக் கிழித்துக்கொண்டிருந்தார். மலிவுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிளான்ட்டைக் கெடுத்தாள் என்றார், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் கண் கலங்கி நின்றாள். கலையரசனுக்குப் பாவமாக இல்லை. இன்னும் இரண்டு வார்த்தை திட்டமாட்டாரா என்றிருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றபடி கண்ட்ரோல் ரூம் மூலைக்குப் போய்க் குந்தினான். வாடிய மாலையை விலக்கினான். கம்ப்யூட்டர் கொதித்தது, விசிறி இரைந்தது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் ஆபரேட்டர்கள் சூட்டு அளவில் கைவைக்கிறார்கள் என்று, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தான் வைத்த அளவையே திரும்பத் திரும்ப மெஷினுக்கு எழுதும்படி அந்தக் கம்ப்யூட்டரில் செய்து வைத்தவன் அவன்தான். அது இன்னும் விசுவாசமாக எழுதி, நூரைன் ஏற்றிய எண்ணை இறக்கிக்கொண்டிருந்தது. டப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை.

சொன்னால் சாவி போகும், வேலையே போனாலும் போகும். சொல்லாவிட்டால் அவள் போவாள். எதையோ தேடுவதுபோல் ஒயர்களைத் தடவிக்கொண்டு குந்தியே இருந்தான்.

நூரைன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒயர் மாட்டிய இடத்தில், கம்ப்யூட்டர் இன்னும் மெஷினோடு பேசுவதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் மாலையைப் பார்த்தான்.

"ஒயரக் கழட்டுங்கண்ணா" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

கழற்றினான். அவள் எழுந்துபோய் எண்ணை ஏற்றினாள். இந்த முறை அது நின்றது. பால் பாக்கெட் பக்கம் போக ஆரம்பித்தது. என்னதான் கோளாறு என்று மானேஜர் கேட்டார்.

"பழைய கம்ப்யூட்டர் லைன்லயே இருந்துருக்குது சார். பாத்து கழட்டியிருக்கணும், நான் விட்டுட்டேன். கலை அண்ணாதான் கண்டுபுடிச்சாரு."

மானேஜர் அவளை இன்னும் ஒரு முறை முறைத்துவிட்டு, போனால் போகட்டும், வேலையில் இரு என்றார். கலையரசனின் தோளில் தட்டினார். சாவி அவனிடமே இருக்கட்டும் என்று நூரைன்தான் முந்திக்கொண்டு சொன்னாள், அவரும் சரி என்றார்.

"நீ இல்லனா இன்னிக்கி நாறியிருக்கும்ணா" என்றாள் வள்ளி.

எந்தப் பேச்சுக்காக ஏங்கினானோ அதே பேச்சு. காதில் விழுந்ததும் காறித் துப்பலாம் போலிருந்தது. நூரைன் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒரு கேலிச் சிரிப்பு, ஒரு முறைப்பு, ஏதாவது இருக்காதா என்று தேடினான். ஒன்றும் இல்லை, அவள் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வேலை முடிந்ததும் போய்வருவதாகச் சொல்லிக்கொண்டு அவள் கிளம்பினாள். கலையரசன் கண்ட்ரோல் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான். எரிச்சல் ஒரு சொட்டும் குறைந்த பாடில்லை, முன்னைவிட ஜாஸ்தியாகவே இருந்தது. இத்தனை நாளும் அவள் தன் வேலையைத்தான் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்திருந்தான். இப்போது நல்ல மனசிலும் அவளே முந்திக்கொண்டு போய்விட்டாள்.