கீரிக்குப் போகிற தலை

கொட் மீனின் தலையை நீலப் பீப்பாய்க்கு மேலே பிடித்தபடி நின்றுவிட்டேன். கை அதை விடமாட்டேன் என்றது. ஹோர்சன்ஸ் துறைமுகத்தை ஒட்டிய மீன்கடையின் பின்கட்டில் எனக்கு வேலை. முதலாளி ஏகோன் மீன் வெட்டுவார். அவர் ஒதுக்கித் தள்ளுவதை நான் பிரித்துப் போடவேண்டும். அதுவரை எல்லாக் கழிவும் ஒரே தொட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, கடைக்காரர்களுக்குப் புது விதி வந்தது. மட்டைப்பெட்டி கூண்டுக்குள், பிளாஸ்டிக் சாக்குக்குள், மீனின் தலை, முள், குடல் எல்லாம் நீலப் பீப்பாய்க்குள். டெனிஷ் சரியாகத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்காகப் பீப்பாய்க்கு மேலே ஒரு படமும் ஒட்டியிருந்தார்கள். கீரிப்பிள்ளை போல ஒரு பிராணி. மிங்க் என்று பெயராம். ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கிறார்கள். மேலங்கியாகிச் சீமாட்டிகளின் தோளில் ஏறும்வரைக்கும் அது மீன்தலை தின்று கொழுக்கிறது.

உண்மையைச் சொன்னால் அந்த விதி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எந்தச் சாமான் கடைசியில் எந்த வாய்க்குப் போகிறது என்று யோசித்துக்கொண்டே பிரித்தால் பொழுது போவது தெரியாது. வீட்டிலும் வெங்காயத்தோலை ஒரு பையிலும் பால்பெட்டியை இன்னொரு பையிலும் போட்டு, "உங்களுக்கு இந்த ஊர்ப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்று அமலராணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அமலராணி என் மனைவி. ஊரில், கடற்கரைக் கிராமமான பேசாலையில், மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை. அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். அகதியாக வந்து இறங்கியதிலிருந்து உருளைக்கிழங்கு, கறுத்தப் பாண், பால் என்று எதைத் தின்றாலும் வாந்தி. மருத்துவச்சி நிறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்தமுறையும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்போம், குழந்தைக்குக் காணாது என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளோ வீட்டைவிட்டு வெளிக்கிடுவதே இல்லை. கடையில் யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குக் கூச்சம். அன்று காலை கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள். "ஒரு மீன்தலைச் சொதி எண்டா இறங்கும் போல கிடக்கு."

அதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. ஏகோனிடம் தலையைக் காட்டி, இதை நான் கொண்டுபோகலாமா என்று கேட்டேன்.

"பூனை வளர்க்கிறாயா?"

"இல்லை. மனைவிக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முகம் இரங்கிப்போயிற்று. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இது அதற்குத்தான், மனுசருக்கு இல்லை என்று தலையை இருபக்கமும் ஆட்டினார். பின்னேரம் நான் கிளம்பும்போது, தோல் உரித்து முள் எடுத்த மீன்துண்டுகளைப் பொதியாகக் கட்டி என் கையில் திணித்தார். நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அமலராணி அதில் ஒரு வாய் வைத்தாள்.

"இது மீனோ பஞ்சோ? தலை எங்கை?"

"தலை கீரிக்காம். மனுசருக்குக் குடுக்க ஏலாதாம்."

"கீரி குடுத்து வைச்சது" என்று சிரித்தாள். சிரித்து முடிவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஏகோன் வெட்டிய முதல் தலையைப் பீப்பாய்க்குள் போடாமல் அவர் முன்னால் வைத்தேன்.

"இது எப்போது கழிவாகிறது?" என்று கேட்டேன். இரவு முழுக்க அகராதியைப் புரட்டிக் கட்டிய வசனம் அது.

"பீப்பாய்க்குள் விழுந்தால்."

"விழ முதல்?"

ஏகோன் தலையைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், தன் தாடையைச் சொறிந்தார். அவருக்கும் புதினமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு தலையைக் கழுவி, முன்பக்கம் கொண்டுபோய், கண்ணாடிக்குப் பின்னால் ஐஸின் மேல் வைத்தார். பக்கத்தில் அழகுக்கு ஒரு கொத்து பாஸ்லி இலை. சின்ன மட்டையில் விலையும் எழுதிச் செருகினார். ஐஸில் இருந்தால் விற்கிற சாமான், பீப்பாய்க்குள் இருந்தால் கழிவு. ஆனால் பின்கதவால் ஒன்றும் போகக்கூடாது, வேலை நேரத்தில் நான் வாங்கவும் கூடாது என்றார். என் வேலை முடியும்போது கடையும் பூட்டிவிடும். அப்படியென்றால் வாங்குவதற்கு ஒருவர் முன்வாசலால் வரவேண்டும்.

வீட்டில் சொன்னபோது அமலராணி கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். "தலையைக் கண்ணாடிக்குள்ளை வைச்சிருக்கினமோ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் அவள் வந்தாள். என் குளிர் அங்கியைப் போட்டு, பொத்தான் பூட்ட முடியாத வயிற்றோடு, பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். அவளைக் கண்டதும் கழுவிக்கொண்டிருந்த மீனை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் ஓடினேன். ஏகோன் ஐஸிலிருந்து தலையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். அவள் வாங்கவில்லை. குனிந்து கண்ணைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் செவுளை நிமிர்த்திப் பார்த்தாள். வரிசையில் நின்ற டெனிஷ் மனுசி மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

"இது நேற்றையான்" என்றாள் அமலராணி என்னிடம். "இதைக் கீரிக்கே குடுக்கச் சொல்லுங்கோ."

அதை எப்படி டெனிஷில் சொல்வது என்று நான் தடுமாறினேன். ஏகோனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. காதுவரை சிவந்து தலையை என்னிடம் தந்தார். பின்னால் போய், விடியற்காலை இறங்கிய முழு மீன் ஒன்றோடு திரும்பி வந்து, அவள் கண் முன்னாலேயே வெட்டினார். வெள்ளைச் சதை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதுத்தலையைக் கண்ணாடிக்கு மேலால் நீட்டியபடி, சோதனை எழுதிய பிள்ளைபோல நின்றார்.

அமலராணி அங்கியின் கையை மேலே இழுத்துவிட்டு, மறுபடியும் விரலை நீட்டினாள்.