தாய் வீட்டில் பிறந்தவள்

தனக்கொடி பிறந்தாள் என்று சொல்ல ஏழு பேர் தேவைப்பட்டார்கள். அவளுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.

பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஏழு சாட்சிகள் பத்திரம் எழுதும் நொத்தேரின் முன்னால் நின்று தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அவர் அதை எழுதி, கைநாட்டு வாங்கி, முத்திரை குத்தினால் அதுதான் பிறப்புப் பத்திரம். ஒருவர் பொய் சொல்லலாம், இருவர் பேசி வைத்துக்கொள்ளலாம், ஏழு பேர் இடறாமல் ஒரே பொய்யைச் சொல்வது கடினம் என்பதுதான் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ள யோசனை.

அவள் கணவர் காத்தவராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். புதுச்சேரிக் கடலோரத்துக் குருசுக்குப்பத்தில் அவருக்குச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். சைகோனிலிருந்து ஓய்வு பெற்று அவர் வந்து இறங்கிய 1954இல்தான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியும் இறங்கியது. அந்த இருபத்திரண்டு வருடத்தில் மனைவியோடு வாழ்ந்தது நான்கு விடுப்புகள் மட்டும். ஒவ்வொரு முறையும் அவர் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே அவள் கேட்பாள்: "எத்தினி நாளு?" பிள்ளை இல்லை.

1962இல் அவருடைய பழைய கேப்டன் பிரான்சில் தூலோனிலிருந்து கடிதம் எழுதினார். முதிய சிப்பாய்கள் தங்கும் விடுதி ஒன்றில் வாசல் காவலுக்கு ஆள் வேண்டும். கணவன் வாசலைப் பார்க்க வேண்டும், மனைவி சமைக்க வேண்டும், இரண்டு அறை வீடு உண்டு. தம்பதிக்கு மட்டுமே வேலை. ஜனவரிக்குள் வந்துவிட வேண்டும்.

"ரெண்டு ரூமா? நாம ரெண்டு பேருக்கு எதுக்குய்யா ரெண்டு ரூமு?" என்று தனக்கொடி சிரித்தாள். அன்றே இரண்டு கம்பளிக்குச் சொல்லி வைத்தாள்.

ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்த பிரெஞ்சுக் குடிகள் இனி இந்தியர்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். காத்தவராயன் செப்டம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். தனக்கொடியும் போட வேண்டுமானால், அவள் பிரெஞ்சுக் குடி என்பதற்கு முதலில் ஒரு தாள் வேண்டும். கல்யாணத்தை நகரசபையில் பதிந்திருந்தால் அது போதும். ஆனால் தாலி கட்டியது இருபது நாள் விடுப்பில், மாரியம்மன் கோவிலில். இப்போது பதியலாம் என்றால் அதற்கும் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள்.

ஆகவே ஏழு கிழடுகள். காத்தவராயன் மூன்று வாரம் அலைந்து தேடிப் பிடித்தார். கரையில் கட்டுமரத்தின் நிழலில் உட்கார வைத்து, அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், வருடம் என்று மனப்பாடம் செய்ய வைத்தார். தனக்கொடியின் அத்தை பச்சையம்மாளுக்கு எரிச்சல்.

"எங்கண்ணன் பேர எனக்கே சொல்லித் தர்றியா மாப்ள? ஒன் பட்டாளத்து டிரில்ல எங்கிட்ட காட்டாத."

நவம்பரில் ஒரு காலை, ஏழு பேரும் துவைத்த துணி உடுத்தி நொத்தேர் அறையில் நின்றார்கள். பெயர்கள் சரியாக வந்தன. வருடம் சரியாக வந்தது. நொத்தேர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். மூத்தவள் என்பதால் பச்சையம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த ஊருல பொறந்தாங்க?"

இதைக் காத்தவராயன் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர இதில் ஏதும் இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"இது இன்னா கேள்வி? தலப்புள்ள தாய் வூட்லதான பொறக்கும்! தந்திராயன்குப்பம். நானே கூட இருந்தேனே."

"ஆமாமா," என்றார் இன்னொரு கிழவர் உற்சாகமாக. "மூணாம் மாசம் நாங்கதான் கட்டுமரத்துல போயி புள்ளயக் கூட்டியாந்தோம்."

ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட இடறவில்லை. தனக்கொடியும் தலையாட்டினாள்.

நொத்தேர் பேனாவைக் கீழே வைத்தார். "தந்திராயன்குப்பம் அப்போ இங்கிலீஷ்காரன் பூமி, முசியே."

"கூப்புடு தூரம்யா அது," என்றாள் பச்சையம்மாள். "இங்க ஒல வச்சா அங்கேர்ந்து மீனு வரும்."

கோபிக்காமல் நொத்தேர் விளக்கினார். அந்தப் பக்கம் பிறந்தவள், கல்யாணமும் பதியாதவள். இந்தத் தாளால் பயனில்லை. இந்திய அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்து, பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு எழுத வேண்டும். "ஒரு வருசத்துக்குக் கொறையாது."

"நான் போட்ட கையெழுத்து?"

"அது போட்டதுதான்."

வெளியே வந்ததும் பச்சையம்மாள் அவர் கையைப் பிடித்தாள். "நல்லாத்தான சொன்னேன் மாப்ள?"

"நல்லாச் சொன்ன அத்தே," என்றார்.

டிசம்பரில் கேப்டனின் கடிதம் வந்தது. வீட்டை வேறொரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வாரம் காத்தவராயன் போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் இப்போது வெளிநாட்டவர். இங்கே தங்குவதற்குப் பதிய வேண்டும். படிவத்தில் நாடு என்ற இடத்தில் பிரான்ஸ் என்று எழுதினார். பிறந்த இடம் குருசுக்குப்பம், முகவரியும் அதுவே. எவ்வளவு காலம் தங்குவதாக உத்தேசம் என்ற இடத்தை அவர் நிரப்பவில்லை. எழுத்தர் படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"ஒரு வருசம்னு போடுங்க. முடியறதுக்கு முன்னாடி வந்து திரும்ப எழுதிக் குடுக்கணும்."

வீட்டில் தனக்கொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் பிடித்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னார். அவள் கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஒரு வருசமா? பரவால்லயே. பட்டாளத்துல மூணு மாசத்துக்கு மேல லீவு வுட்டதே இல்ல."