முதல் ஆளாக நின்ற கார்

ரயில்வே கேட் மூடியிருந்தால் போதும், என் வீட்டுக்காரருக்கு ரத்தம் கொதிக்கும். மற்ற வண்டிகள் வரிசையாக நிற்கும். இவர் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி வலப்பக்கமாக ஏறி, எதிரே வருகிறவர்களின் பாதையை அடைத்துக்கொண்டு, கேட்டை முட்டுவது போல நிறுத்துவார்.

அன்று என் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் எங்கள் மகள். வரிசையிலேயே நிற்கலாமே என்றேன். முன்னால் நிற்கிறவன்தான் வாழ்க்கையிலும் முன்னேறுவான் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஆகா, கல்வெட்டில் பொறிக்க வேண்டிய தத்துவம்.

ரயில் போய், கேட் திறந்தது. பார்த்தால் அந்தப் பக்கமும் ஒரு மகராசன், லாரிக்காரர், இதே புத்தியோடு முன்னால் வந்து நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, தண்டவாளத்தின் மேல் மூக்கும் மூக்குமாக நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு பக்கமும் நெருக்கியடித்து ஏறிவிட்டார்கள். பின்னால் எடுக்க ஓர் அடி இடமில்லை.

இவர் கண்ணாடியை இறக்கி, நான்தான் முதலில் வந்தேன் என்று லாரிக்காரரிடம் வழக்காடினார். தண்டவாளத்தில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற மனுஷனை அன்றுதான் பார்த்தேன். அதற்குள் அடுத்த ரயிலுக்கு மணி அடித்துவிட்டது. கேட்கீப்பர் கேட்டை இறக்கப் பார்க்கிறார். கீழே முழுக்க வண்டி.

மகளை இழுத்துக்கொண்டு இறங்கி ஓரமாக ஓடினேன். "நீங்களும் இறங்கி வாங்க, காரு போனா போகுது" என்று கத்தினேன்.

"புது வண்டிடி. எப்படி விட்டுட்டு வர்றது?" என்று ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார்.

கேட் மூடாததால் சிக்னல் விழவில்லை. ரயில் தூரத்திலேயே நின்று ஊதியது. ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் தள்ளி வழி பண்ணுவதற்குள் கேட்கீப்பருக்குக் கத்திக் கத்தித் தொண்டை வற்றிவிட்டது.

தங்கை வீட்டில் இவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதையை அளந்தார். "ஒரு ரயிலையே நமக்காக நிறுத்தி வச்சிட்டேன்ல?" தங்கை புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"திரும்பிப் போறப்ப நானும் அம்மாவும் பஸ்ல போறோம்ப்பா. நீ காரைப் பாத்துக்க."

நாங்கள் பஸ்ஸில்தான் போனோம்.