வெளியேற்று: இரண்டாம் பொருள்

அது மழைக்காலத்தில் நடந்தது என்றுதான் நினைவு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, பகலிலேயே மேசை விளக்குகள் எரிந்தன. ஆனால் அந்த அகராதி அலுவலகத்தில் வருடம் முழுக்க ஜன்னல்கள் சாத்தித்தான் கிடக்கும் என்பதால் கோடையாகவும் இருந்திருக்கலாம். அங்கே சொற்களுக்குப் பொருள் எழுதிவந்த அவள் எந்தச் சொல்லில் தடுக்கி நின்றாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ‘வெளியேற்று.’

முதல் பொருள் சுலபமாக முடிந்துவிட்டது. புகையை, கழிவுநீரை, சீழை வெளியே போக்குவது. இரண்டாம் பொருள், மனிதர்களை ஓர் இடத்தை விட்டுப் போகச் செய்வது. அதற்குத்தான் எடுத்துக்காட்டு அகப்படவில்லை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எடுத்துக்காட்டை யாரும் மேசையில் உட்கார்ந்து புனையக் கூடாது. யாராவது உண்மையில் சொன்னதாக இருக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் வாக்கியத்தைப் படிப்பார்கள். சொன்னவர் யார் என்றும் சொல்ல வேண்டும். “செய்தித்தாளில் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். வாயில் புழங்குவதைக் கொண்டு வா” என்று பதிப்பாசிரியர் அவளிடம் சொல்லியிருந்தார்.

பேருந்திலும் காய்கறிக் கடையிலும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். துரத்திட்டாங்க, அனுப்பிட்டாங்க, காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பேசியவர்கள் எல்லோரும் துரத்தப்பட்டவர்கள். துரத்தியவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அவள் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அம்மா போன பிறகு அண்ணன்தான் கூப்பிட்டு வைத்துக்கொண்டான். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அந்த அறை எல்லோர் கண்ணிலும் பட ஆரம்பித்தது. ஒருநாள் அண்ணி அளவு நாடாவோடு உள்ளே வந்தாள்.

“நீ பாட்டுக்கு எழுது. நான் சும்மா அளந்து பாக்குறேன்.”

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். நாடா நாற்காலிக்கு அடியில் ஊர்ந்து போனது.

அன்று சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உன் ஆபீஸ் பக்கத்துல பொம்பளைங்க ஹாஸ்டல் ஒண்ணு நல்லாருக்காம். உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

“நாங்க ஒண்ணும் சொல்லலப்பா,” என்றாள் அண்ணி. “உனக்கா எப்போ தோணுதோ அப்போ.”

“அத்தை, புத்தகத்தையெல்லாம் நானே தூக்கிட்டு வந்து அடுக்கிக் குடுக்குறேன். முதுகு போனா வரப்போற பொண்டாட்டிகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்,” என்றான் அண்ணன் மகன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

பிறகு அவர்கள் காத்திருந்தார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ‘நானே போறேன்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை என்றாகிவிடும். அவள் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனாள்.

வியாழக்கிழமை அவள் முறை வந்ததும் படித்தாள்: “உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

முதலில் சிரித்தவன் காற்புள்ளி. எந்தப் பேச்சையும் முடிக்காமல் இழுத்துக்கொண்டே போவதால் அவனுக்கு அந்தப் பெயர். “அக்கா, சொல்லே இல்லையே! உதாரணத்துல அந்தச் சொல்லு வரணும்னு என் மண்டையில குட்டிச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?”

“இத ‘அக்கறை’க்கு வெச்சுக்கலாம்,” என்றாள் எதிரில் இருந்தவள். “பாசமான ஆளு போல.”

மேசை முழுக்கச் சிரிப்பு. பதிப்பாசிரியர் மட்டும் சிரிக்காமல் வழக்கப்படி கேட்டார். “யார் சொன்னது?”

“எங்கண்ணன்.”

அவள் எங்கே தங்கியிருந்தாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது. பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை கட்டியது.

அவள் வீடு திரும்பியபோது அண்ணன் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, நான் போறேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். போகணும்னா நீ சொல்லு.”

“என்னம்மா இது, திடீர்னு? யாரு உன்னப் போகச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதத்தான் சொல்றேன்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் குறடைத் திருப்பினான், தண்ணீர் நிற்கவில்லை. மறுபடி திருப்பினான்.

“நான் கோச்சுக்க மாட்டேன்,” என்றாள்.

அண்ணன் குறடைக் கீழே வைத்தான். “அறை வேணும்மா. நீ போயிடு.”

சொன்ன பிறகு அவனால் தலை நிமிர முடியவில்லை. அவள் அவனுடைய நனைந்த கைகளைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் யாருடையது என்று தெரியாமல் கிடந்த அந்த முடிவு, இப்போது இருவருக்கும் பொதுவாக வந்து உட்கார்ந்தது.

“சரிண்ணா,” என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் வியாழக்கிழமை மேசைக்குக் கொண்டுபோகவில்லை. அகராதி வெளிவந்தபோது இரண்டாம் பொருளுக்கு எடுத்துக்காட்டே இல்லை. அதைப் பார்க்கப் பதிப்பாசிரியர் இல்லை. அச்சுக்குப் போவதற்கு முன்பே இறந்துபோனார். காற்புள்ளி வேலையை விட்டு ஓர் அச்சகம் வைத்தான், சுமாராக ஓடுகிறது. அண்ணன் மகன் சொன்னபடியே புத்தகங்களைத் தூக்கி வந்து அடுக்கிக் கொடுத்தான். கல்யாணமான மறுவருடம் மனைவியோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். அண்ணி பின்னறையில் துணி காயப்போடுகிறாள். அண்ணன் அவ்வப்போது விடுதி வாசல்வரை வருவான். ஆண்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் இருவரும் வாசலில் நின்றே பேசுவார்கள். திரும்பி வா என்று அவன் கூப்பிட்டதில்லை. அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். அதே விடுதியின் இரண்டாம் மாடியில், தெருவைப் பார்த்த அறையில் இருக்கிறாள்.