இடது காதுக்கு ஒரு மிக்சர்

"வீட்டுக்கா, ஸ்டுடியோவுக்கா, மேடைக்கா?" என்று ஒலிக்கருவிக் கடைக்காரப் பெண் கேட்டாள்.

"வீட்டுக்குத்தான்" என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி வேனில் இருபது வாண்டுகளை அதட்டி இறக்கிவிட்டு, மத்தியானம் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் இவரை இழுத்துக்கொண்டு வந்தது, அலமாரியில் வைத்துத் தூசி தட்ட ஒரு பொம்மை வாங்கவா? அடுத்த மாதம் இவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். மாமாதான் பாட்டுப் போட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். இவரும் மண்டையை ஆட்டியிருக்கிறார்.

இருபது வருடமாக இவருக்கு டீஜே வேலைதான். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. எட்டு மாதம் முன்பு வந்த ஒரு காய்ச்சலில் இடது காது போயிற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். வீடு திரும்பிய வாரமே இவர், பாட்டோடு பாட்டை இணைக்கிற தன் மிக்சரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் வேனை விட்டுவிட்டு வந்து பார்த்தால் மேசை காலி.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு பழக்கம். கோபம் வந்தால் இவருடைய இடது பக்கம் போய் நின்று, வாய் வலிக்க முணுமுணுத்துத் திட்டித் தீர்ப்பேன். பிறகு வலது பக்கம் வந்து "சாப்பிட வாங்க" என்பேன். மனசும் ஆறும், சண்டையும் இருக்காது. சில நாள் திட்டி முடித்த கையோடு, "ஆனாலும் உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றும் சொல்லிவைப்பேன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் நல்ல காதில் அதைச் சொன்னதே இல்லை. வெட்கம்தான், வேறென்ன.

கடையிலும் இடது பக்கம் போனேன். "கோழை. தங்கச்சி பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்று முணுமுணுத்தேன். அவர் பாட்டுக்குச் சின்ன மிக்சரைத் தடவிக்கொண்டிருந்தார். வலது பக்கம் வந்து, "ஏங்க, கல்யாணத்துக்கு இது போதுமா?" என்றேன்.

"கல்யாணத்துக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லப்போறேன்" என்றார். "ஒரு காதுல ஹெட்போன் வெச்சு அடுத்த பாட்டக் கேக்கணும். இன்னொரு காதுல மண்டபத்துல ஓடறதக் கேக்கணும். ரெண்டையும் ஒண்ணா ஓடவிடணும். எனக்கு இருக்கறது ஒண்ணுதானேம்மா."

என் கோபம் வடிந்துவிட்டது. கடைக்காரப் பெண்ணிடம் நானே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் உச்சுக்கொட்டவில்லை. மேடைக்கான பெரிய மிக்சரை இழுத்து, ஹெட்போன் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குமிழைக் காட்டினாள்.

"இதை இந்தப் பக்கம் திருப்பினா அடுத்த பாட்டு மட்டும் கேக்கும் சார். அந்தப் பக்கம்னா வெளிய ஓடறது. நடுவுல வெச்சா ரெண்டும் ஒரே காதுல வரும். சின்னதுல இது இல்ல."

"தெரியும். என் பழசுலயும் இருந்துச்சு. கத்துக்குட்டிங்களுக்குன்னு தொட்டதே இல்ல."

"இப்பத் தொடுங்க" என்றேன், வேனில் பேசுகிற குரலில்.

ஹெட்போனை வலது காதில் வைத்தார். முதல் தடவை இரண்டு பாட்டும், வேன் கதவில் முண்டியடிக்கிற பிள்ளைகளைப் போல மோதிக்கொண்டன. கையை எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். மறுபடி குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினார். நான் கடை ஸ்பீக்கரில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்போது மாறியது என்று சத்தியமாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "இதப் போட்டுட்டா வேற ஒண்ணும் கேக்காது. மேடையில யாராவது கூப்பிட்டா?"

"உங்க இடது பக்கம் நான் நிக்கிறேன். யாரு கூப்பிட்டாலும் தோளத் தொடறேன்" என்று அங்கே போய் நின்று காட்டினேன்.

"எத்தன கல்யாணத்துக்கு நிப்பே?"

"நீங்க போடற எல்லாத்துக்கும்."

ஹெட்போனைக் கீழே வைத்தார். பிறகு கடைக்காரப் பெண்ணிடம், "மேடைக்குத்தாம்மா. பெரிசையே குடுங்க" என்றார்.

அவள் பெட்டி எடுக்க உள்ளே போனாள். இவர் என் பக்கம் சாய்ந்து, "அங்க நின்னு திட்டக் கூடாது" என்றார்.

"நான் எப்பத் திட்டினேன்?"

"இப்பத்தான் கோழைன்னே. எதிர்ல கண்ணாடி அலமாரி இருக்கு பாரு. வீட்டுல பீரோக் கண்ணாடி. எட்டு மாசமா உன் வாயசைவப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"திட்டி முடிச்சதும் ஒண்ணு சொல்லுவியே" என்றார். "அதப் பாத்திருக்கேன். கேட்டதில்ல."

நான் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய் நின்றேன்.