ஆயில் ஊற்றாதவள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில், மைக்கேல்ராஜின் ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ மாற்றக் காத்திருந்தபோது ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்கக்கா ஆர்.டி. பைக் ஓட்டுன லட்சணம் இருக்குதே மச்சா. பெட்ரோல் போட்டுச்சு, ஆயில் ஊத்தல. ஓசூர் ரோட்ல இஞ்சின் ஜாம்."

சொன்னவன் பெயர் ராகேஷ். அவனை அறைந்திருக்க வேண்டும். கையாலாகாதவன் எழுதுவான். எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "1998இல் பெங்களூரில் ஒரு பெண் பழைய ரேஸ் பைக் வைத்திருந்தாள் என்றால் நம்பவா முடியும், ஆனால்—"

வேண்டாம். ஆணாக இருந்தால் இப்படியா ஆரம்பிப்பேன்?

இரண்டாவது தொடக்கம்: ரூபினிக்கு பொம்மசந்திராவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. ஆர்.டி. முன்னூற்றைம்பது அவள் சம்பளத்தில் வாங்கிய பைக். அவளைவிடக் கொஞ்சம்தான் இளையது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக்.* எவ்வளவு வேகத்தில் போனாலும் இடது கையின் இரண்டு விரல்கள் கிளட்ச்சின் மேலேயே இருக்கும். இது அவள் வழக்கம்.

(* தெரியாதவர்களுக்கு: டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் பெட்ரோலோடு ஆயிலும் போக வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டிக்குத் தனி டேங்க்கிலிருந்து ஒரு பம்ப் ஆயிலைக் கொடுக்கும். ரேஸுக்குப் போகிறவர்கள் அந்த பம்ப்பைத் துண்டித்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிடுவார்கள். இதை நினைவில் வையுங்கள், இதற்குத்தான் எனக்குக் கோபம்.)

3

சென்னைப் பக்கம் ரேஸ். ரூபினிக்கு ஓட்ட ஆசை.

"லேடீஸுக்கெல்லாம் ரேஸ்ல கிளாஸ் இல்லக்கா," என்றான் தம்பி ராகேஷ். அவன் யாரையும் விசாரிக்கவே இல்லை.

அவள் பைக்கை அவன் கொண்டுபோனான். பம்ப்பைத் துண்டித்தான், ட்ராக்கில் சுற்றினான், கடைசியாக வந்தான். ஞாயிறு மாலை வண்டியை வாசலில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போனான். பம்ப்பைத் திரும்ப இணைக்கவில்லை. இணைக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

(இங்கே ராகேஷுக்குக் களைப்பு, தோற்ற வலி எல்லாம் கொடுத்து ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது. அடித்துவிட்டேன்.)

திங்கள் காலை ரூபினி ஆயில் டேங்க்கைப் பார்த்தாள். ஆம், பார்த்தாள். நிறைந்திருந்தது. பங்க்கில் வெறும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பொம்மனஹள்ளி தாண்டியதும் ஆயில் போகாமல் இஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அந்த இரண்டு விரல்கள்தான் கிளட்ச்சை இழுத்து, சக்கரத்தை விடுவித்து அவள் உயிரைக் காப்பாற்றின. ஆனாலும் விழுந்தாள். இடது காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி அவள் தலைக்கு—

நின்றுவிட்டது. லாரி நின்றுவிட்டது.

4

"இனிமே அந்த வண்டி நமக்கு வேணாம்," என்றார் அப்பா நாராயணசாமி. வண்டி அவருடையது இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. பார்த்து வாங்கிப்போக காக்ஸ் டவுனிலிருந்து ஹெர்பர்ட் என்பவர் சர்ச் முடிந்து வந்தார்.

"வண்டி சூப்பருங்க. எங்கக்காதான் ஆயில் ஊத்தாம..." என்று ராகேஷ் ஆரம்பித்தான்.

ரூபினி கைக்கட்டோடு படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். வலது கையால் சைடு கவரைக் கழற்றினாள்.

"பாரு. ஆயில் நெறைய கீது." அவள் விரல் ஆயில் பைப்பின் வழியே கீழே போனது. பைப்பின் நுனி ஒரு ஸ்க்ரூ திருகி அடைக்கப்பட்டிருந்தது. "இத யாருடா அடச்சது?"

ராகேஷ் தன் செருப்பைப் பார்த்தான்.

"வந்தவங்க எதிர்ல இதெல்லாம் எதுக்கும்மா," என்றார் அப்பா. "சும்னே இரு, பேசாத."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் அப்படிச் சொன்னார்.

5

முடிவு அ: ராகேஷ் அழுது மன்னிப்புக் கேட்கிறான். கிழித்துப் போட்டேன். அவன் பெரிய மனிதனாவதற்கு என் காகிதம் எதற்கு?

முடிவு ஆ: அடுத்த வருடம் ரூபினி ட்ராக்கில் ஜெயிக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஜெயித்துக் காட்டினால்தான் அவள் சொல்வதை நம்புவீர்களா?

ஆகவே ஹெர்பர்ட்டைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அப்பா சாவியை நீட்டினார், நீங்களும் மரியாதைக்கு வாங்கிவிட்டீர்கள்.

ரூபினி அந்த ஸ்க்ரூவைத் திருகி எடுக்கிறாள். ஆயில் தரையில் கொட்டி உங்கள் செருப்புவரை வருகிறது. ராகேஷ் உங்களைப் பார்த்து இளிக்கிறான், ஒர்க்‌ஷாப்பில் சிரித்தவர்களைப் போல நீங்களும் சிரிப்பீர்கள் என்று. ரூபினி ஆயில் படிந்த வலது கையை உங்களிடம் நீட்டுகிறாள்.

சாவி உங்களிடம் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.