எதிரே உட்கார்ந்து மாட்டிய கத்தி

செவ்வந்தி நாற்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. வேப்பமர நிழலில் எட்டுத் தட்டுகள். சாயங்காலத்துக்குள் நடாவிட்டால் வாடிவிடும். நிலமோ பாதி உழாமல் கிடந்தது.

அகரத்தில் அந்த அரை ஏக்கரைப் பவர் வீடரால், கைப்பிடி பிடித்து ஓட்டும் அந்தச் சின்ன உழவு வண்டியால், உழுபவள் அன்னாள்தான். அதன் கத்திகள் தேய்ந்து விரல் நீளத்துக்கு வந்திருந்தன. மண்ணில் இறங்காமல் துள்ளித் துள்ளி அவள் வலது மணிக்கட்டைப் பதம் பார்த்தன. மூன்று நாளாக அவள் டீ தம்ளரை இடது கையால் எடுப்பதை அவள் புருஷன் சிலுவைமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று திண்டுக்கல் போய்ப் புதுக் கத்திகளோடு வந்தார்.

இன்று அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அவர் எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தார். கத்திகள் பூட்டிச் சுழலும் ரோட்டர்களை இரு பக்கமும் உருவினார். துருவேறிய போல்ட்டுகளில் டீசல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அன்னாள்தான் வாயைத் திறந்தாள்.

"பேசுனா போல்ட்டு கோவிச்சுக்கிருமா?"

சிரித்தார். ஸ்பானரை எடுத்துப் போல்ட்டைத் திருகினார்.

கத்திகளை மாற்றி, ரோட்டர்களைத் திரும்ப மாட்டினார். வண்டி முன்னைவிட மோசமாகக் குதித்து ஓடியது. அன்னாள் பதறி இன்ஜினை அணைத்தாள்.

"பழசே தேவலங்க. இது என்னைய சிறுமலைக்கே இழுத்துட்டுப் போயிரும் போல!"

வெயில் ஏறிவிட்டது. ஓரத்து நாற்றுகள் லேசாகத் தலை சாய்ந்தன. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தபோது, அவர் ரோட்டரைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியின் கூர் பின்னால் இருந்தது. மொட்டை முதுகுதான் மண்ணில் மோதியது.

"ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்."

"இந்த வயசுல இடது வலது தெரியலையா?"

அவர் ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒனக்கு எதுக்கால உக்காந்து மாட்டுனேன்ல, என் வலது ஒனக்கு இடதாப் போச்சு. கை வலிக்குதோன்னு ஒன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

நாக்கு நுனிவரை வந்த கேலியை அன்னாள் விழுங்கினாள்.

"சரி, இந்தப் பக்கம் வந்து நின்னு பாத்துட்டு மாட்டுங்க."

வந்து அவள் தோளை ஒட்டி நின்று, எது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். அச்சில் செருகியிருந்த பின்களை உருவி ரோட்டர்களை இடம் மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த முறை வண்டி குதிக்கவில்லை. செம்மண் பொலபொலவென்று புரண்டது.

வெளிச்சம் இருக்கும்போதே எட்டாவது தட்டும் காலியானது. வரப்பில் உட்கார்ந்து அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அவர் பார்த்தார். தன் தம்ளரிலும் ஊற்றிக்கொண்டார்.